பேசிலுக்கு விழுந்த கவ்வாத்து

கொழும்பில் ஓட்டல் சமையற்கட்டில் வேலை பார்க்கும் என் மகள், லீவில் வந்தபோது ஒரு பெயின்ட் வாளியில் பேசில் விதை போட்டுவிட்டுப் போனாள். துளசிக்குச் சொந்தக்காரச் செடிதான். வாசனையில் மட்டும் கொஞ்சம் இனிப்பு.

"குளிர் ஆகாதும்மா. அடுப்புச் சுவரோரமா, வெயில் படுற எடத்துல வைங்க. அடுத்த லீவுல வந்து இத வச்சு சமைச்சுத் தர்றேன்" என்றாள்.

எங்கள் தலவாக்கலைப் பக்கத்து மலைப் பனிக்கு இதாவது தாங்குவதாவது என்றுதான் நினைத்தேன். இருட்டியதும் உரப்பையால் மூடிவைத்தேன். பிழைத்துக்கொண்டது.

அவள் அப்பா அந்த வாளியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஓட்டல் வேலை வேண்டாம் என்று இவர் சொல்லியும் மகள் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அவள் போன் எடுத்தால் இவர் எழுந்து வெளியே போய்விடுவார். இரண்டுக்கும் ஒரே வீம்பு. நடுவில் கிடந்து சாவது நான்.

ஒருநாள் ஸ்பீக்கர் போட்ட போனில், "பூ விட்டா இல கசந்துடும்மா, வெட்டிவிடணும்" என்றாள். இவர் வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது.

மறுநாள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்தால், வாளியில் நாலு குச்சிதான் நிற்கிறது. இவர் கவ்வாத்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தேயிலைச் செடியை மொட்டையாக வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. வெட்டினால் தேயிலை முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். அந்த வேலையில் இவர் கெட்டிக்காரர்.

"அடப் பாவி மனுசா! இது என்ன தேயிலையா?"

"வெட்டச் சொல்லுச்சில்ல புள்ள. தளிர் எப்படி வருது பாரு." பெருமை வேறு.

வரவில்லை. தினம் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் வாளியைக் குனிந்து பார்ப்பார். கொஞ்சம் உரமும் போட்டார். குச்சி கருத்துப்போனது. எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் இவர் முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் எடுத்தாள். "அம்மா, பேசில் எப்படி இருக்கு?"

நான் திருதிருவென்று முழித்தேன். இவர் எழுந்தார். வழக்கம்போல வெளியேதான் போகப் போகிறார் என்று நினைத்தேன். என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"பாப்பா, நான்தான். ஒன் செடிய கவ்வாத்து வெட்டிக் கொன்னுட்டேன். வரும்போது வெத கொண்டா. எப்படி வெட்டணும்னு நீ கிட்ட இருந்து சொல்லு."

 அந்தப் பக்கமிருந்து அவள் கேட்டாள்:

"சாப்பிட்டீங்களாப்பா?"