ஒரு டைனமோவும் இரண்டு பாட்டுக்காரரும்

போன கிழமை குருநகரில் ஒரு கலியாண வீடு. கோயிலால் வந்து பந்தலுக்குள் சர்பத் குடித்துக்கொண்டிருக்கிறோம். பாட்டைக் காணோம்!

இந்தச் சண்டைக்குள் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை — உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு உழக்கினால்தான் டைனமோ சுற்றும், ரேப்றெக்கோடர் பாடும். சைக்கிள் ஒன்று. பாட்டுப் போட வந்தவர்களோ ஆளுக்கொரு ரேப்றெக்கோடரோடு இரண்டு பேர். பொம்பிளையின் தமையன் அன்ரன், சினிமாப் பாட்டுக்காரன். மாப்பிள்ளையின் தோழன் மரியதாஸ், பைலா ஆட்டப் பாட்டென்றால் பைத்தியம். டைனமோ வயரை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள்.

மணப்பெண் றீற்றா எழும்பி வந்தாள்.

“ஆளுக்கொரு பாட்டுப் போடுங்கோ. இடையிலை நிப்பாட்டப்படாது. பாட்டு நிண்டால் சனம் இருந்து கதைக்கும். கதைச்சால் கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவின்ரை கதைதான் வரும். இண்டைக்கு அம்மா அழப்படாது. விளங்குதோ?”

“ஓமடி” என்றான் அன்ரன்.

தொடங்கியது. ஒருவன் பாட்டு ஓட, மற்றவன் தன் கசெற்றைப் பேனையால் சுழற்றித் தயாராக வைத்திருப்பான். வயரை மாற்றுகிற அந்த ஒரு கணத்தைச் சனத்தின் கைதட்டல் நிரப்பியது.

அன்ரன் ஒரு சோகப் பாட்டை எடுத்தான்.

“டேய், செத்த வீடெண்டு நினைச்சியோ?” என்றான் மரியதாஸ்.

அன்ரன் முறைத்தான். ஆனால் கசெற்றை மாற்றினான்! அதன்பிறகு இரண்டு பேரும் ஒருவர் பாட்டை ஒருவர் காது கொடுத்துக் கேட்டார்கள். தனியே போடுகிறவன் தன்பாட்டுக்குப் போடுவான். இரண்டு பேர் என்றால்... மற்றவன் பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டுமே!

மரியதாஸின் முழங்காலடியில் ஒரு துள்ளல் பைலா கிடந்தது. எதிராளிக்குக் கிட்ட இருப்பது எங்களுக்கு ‘உது’ அல்லவா? அதைப் போடச் சொல்லி அன்ரன் கையைக் காட்டிக் கத்தினான்:

“உதை! உதையடா!”

சைக்கிளில் இருந்தவர் மாப்பிள்ளையின் மாமா செபமாலை. தனக்குத்தான் சொல்கிறான் என்று மனுசன் பெடலை உதைத்தார் பாருங்கள் ஓர் உதை! பாடகரின் குரல் சுண்டெலிக் குரலாயிற்று. பாட்டு பறந்தது. கதிரைகள் காலி. சேலைக் கொய்யகத்தைச் செருகிக்கொண்டு மாமிமாரும் இறங்கிவிட்டார்கள்.

“இனி ஏலாது... நானென்ன குதிரையோ, உதை உதை எண்டு?”

மாமாவுக்கு மூச்சு வாங்கியது. பாட்டு இழுபட்டு, ஒப்பாரியாய் இறங்கியது. ஆடியவர்கள் ஒவ்வொருவராய்க் கதிரையில் போய் இருந்தார்கள். மூலையில் றீற்றாவின் தாய் சேலைத் தலைப்பைக் கண்ணுக்கு எடுத்தார்.

றீற்றா கண்டுவிட்டாள். மாப்பிள்ளையிடம் திரும்பினாள்.

“பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஏறுங்கோ!”

கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறினார் மாப்பிள்ளை. குரல் நிமிர்ந்தது. அன்ரன் பைலாக் குவியலைக் கிளற, மரியதாஸ் சினிமாக் கசெற்றைத் தேடினான். றீற்றா தாயின் கையைப் பிடித்து நடுப் பந்தலுக்கு இழுத்துவந்தாள். முதலில் தோள் அசைந்தது. பிறகு கால்.

“தம்பி, இண்டைக்கே உழக்கப் பழகிக்கொள்ளும்!” என்றொரு மாமி குரல் கொடுத்தார்.

மாப்பிள்ளை குனிந்து இன்னும் இறுக்கி உழக்கினார். ஒரு வீட்டை அழாமல் வைத்திருக்க எவ்வளவு மூச்சு வேண்டும் — பேச்சில் வீணாக்கலாமோ?