பனிப்படத்துக்கு அவள் பேசிய தமிழ்

அந்தப் படத்துக்கு நாங்கள் வைத்த பெயர் பனிப்படம். கேசட் உறையில் ஏதோ ஆங்கிலப் பெயர் இருந்தது; அது எங்கள் வாயில் நுழையவில்லை. கிழக்கே ஏதோ ஒரு நாட்டில் எடுத்து, ஆங்கிலத்தில் குரல் சேர்த்து, எப்படியோ மதுரை வரைக்கும் வந்து, எங்கள் தெருமுனை வீடியோ கடையில் தூசி படிந்து கிடந்த சண்டைப் படம். தொண்ணூறுகளின் நடுவில், பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், நானும் அவளும் அதை முதன்முதலாகப் பார்த்தோம்.

அவள் கீழ்வீட்டுப் பெண். வீட்டுக்காரரின் ஒரே மகள். சௌராஷ்டிரக் குடும்பம், அவள் அப்பாவுக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். நாங்கள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அப்பாவின் வேலைக்காக மதுரைக்கு வந்து, அவர்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம். அவர்கள் தங்களுக்குள் தங்கள் பாஷையில் பேசிக்கொள்வார்கள். நான் படியிறங்கும் சத்தம் கேட்டதும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். அவள் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

படத்தின் கதை எளிமையானது. ஒரு தீவில் தாயும் மகனும். பையனுக்கு எங்கள் வயது இருக்கும். சண்டை கற்றுக்கொள்ள வேண்டும் என்று படகேறிப் போகிறான். தாய் படகுத்துறையில் நிற்கிறாள். மலைமேல் ஒரு பள்ளி. வாசல்காரன் அவனை உள்ளே விடவில்லை. பனி கொட்ட, அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறான். கடைசியில் போனால் போகிறது என்று அடுக்களைக்குத் தண்ணீர் சுமக்கச் சேர்த்துக்கொள்கிறார்கள். அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் கற்கிறான். அவனை ஆட்டிவைக்கும் மூத்த மாணவன் ஒருவன் உண்டு. முடிவில் முற்றத்தில் எல்லார் முன்னாலும் இருவருக்கும் போட்டி. பையன் விழுகிறான், எழுகிறான், மறுபடி விழுகிறான். ஜெயித்த பிறகு அவன் குதிக்கவில்லை. தோற்றவனைக் குனிந்து வணங்கிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் தனியாக நடந்து போகிறான். அவ்வளவுதான்.

அவள் வீட்டுக் கூடத்தில்தான் பார்ப்போம். வெளியே அக்கினி வெயில். மின்விசிறி சூட்டையே திருப்பித் திருப்பி எங்கள் மேல் வீசிக்கொண்டிருக்கும். திரையில் அந்த வெள்ளைப் பனி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கால் சில்லிடுவதாக அவள் சொல்வாள். நானும் ஆமாம் என்பேன். நிஜமாகவே எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் எங்களைக் கட்டிப்போட்டது பனி இல்லை. உள்ளே வராதே என்று சொல்லப்பட்ட ஒருவன், சண்டை போடாமல், திரும்பியும் போகாமல், அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அப்படியும் ஒரு வழி இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் புதிதாக இருந்தது.

ஆங்கிலம் எங்களுக்குப் புரியவில்லை. அதனால் அவள் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தானே வசனம் பேச ஆரம்பித்தாள். பனியில் நிற்கும் வாசல்காரன் மேலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நேரம் சொல்கிறவனாக மாறினான். "கடைசி வண்டி போயிருச்சு தம்பி. இனி நாளைக்குத்தான். எம்புட்டு நேரம் இப்பிடியே உக்காந்திருப்ப?" வெள்ளைத் தாடி வைத்த பெரிய ஆசான் எந்தக் காட்சியில் வந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார். "சாப்ட்டியாப்பா?" மூத்த மாணவனுக்கு எங்கள் கணக்கு டீச்சரின் குரல். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கும். பையனுக்கு மட்டும் அவள் தன் சொந்தக் குரலில், விளையாட்டில்லாமல் பேசினாள். முற்றத்தில் விழுந்து கையூன்றி எழும்போது அவன் எதிராளியைப் பார்த்து மெதுவாகச் சொல்வான்: "இரு மாப்ள, வாரேன்."

அந்தப் பைத்தியத்தில் அவள் கராத்தே வகுப்பில் சேர விரும்பினாள். தெப்பக்குளம் வறண்டு கிடந்த காலம் அது. காலை நேரத்தில் குளத்துக்குள்ளேயே ஒரு மூலையில் கிரிக்கெட்டும் இன்னொரு மூலையில் கராத்தேயும் நடக்கும். அத்தை சம்மதிக்கவில்லை. "கைகால் ஒடஞ்சா யாருடி கட்டிக்குவா ஒன்னைய?" என்றார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. சாயங்காலம் அவள் அப்பா கடையிலிருந்து வந்து, படியில் உட்கார்ந்திருந்தவளைத் தாண்டி உள்ளே போக முடியாமல் நின்று, விஷயத்தைக் கேட்டு, "சேத்து விட்ரு, தெருவுல எல்லாரும் பாக்குறாங்க" என்றார். மறுநாளே வெள்ளை உடுப்புக்கு அளவு கொடுக்கப் போனோம். அவள் குளத்துக்குள் உதைத்துப் பழகுவாள். நான் படிக்கட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஐப்பசி மழை தொடங்கியபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அன்று பள்ளியிலிருந்து வரும்போதே தலை வலிக்கிறது என்றாள். வீட்டுக்குப் போய்ப் பனிப்படத்தைப் போட்டிருக்கிறாள். பாதியில் கண் கூசுகிறதென்று நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறாள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் அவள் இல்லாமல் போனாள். மாடிப்படியில் நின்றபடி நான் பார்த்தது கூட்டத்தைத்தான். அவள் முகத்தைப் பார்க்க என்னைக் கீழே விடவில்லை.

சில வாரங்கள் கழித்து, ஒரு மத்தியானம், அத்தை கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டார். "கொஞ்சம் வந்துட்டுப் போம்மா."

கூடத்தில் டிவி ஓடாமல் இருந்தது. அவர் மடியில் ஒரு சேலை. சாயம் தோய்ப்பதற்காகச் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டுச் சொன்னார்: "டெக்குக்குள்ள இந்தக் கேசட் கெடந்துச்சு. கடைக்காரத் தம்பிகிட்டக் குடுக்கப் போனேன், நீங்களே வச்சுக்கங்கன்ட்டாரு. பட்டன அமுக்குனா பாதியில இருந்து ஓடுது. இதுல என்னம்மா இருக்கு? அம்புட்டுத் தடவ பாத்தாளே. எனக்கு ஒண்ணும் புரியல. நீ சொல்லேன்."

பட்டனை அமுக்கினார். பையன் இரண்டு வாளிகளோடு பனியில் ஏறிக்கொண்டிருந்தான். அவள் அங்கே எங்கேயோதான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நான் பாடம் ஒப்பிப்பது போலக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். இவன் தீவிலிருந்து வந்தவன், இது பள்ளிக்கூடம், இவர் ஆசான் என்று. தாடிக்காரர் திரும்பி வாயைத் திறந்தார். என்னை அறியாமல், "சாப்ட்டியாப்பா?" என்றேன். அதே இழுப்பு, அதே மூக்கடைத்த குரல்.

அத்தையின் கை நின்றது. "இது அவ பேசுறதுல்ல?"

"ஆமா அத்த. அவதான் இப்பிடிப் பேசுவா."

"எல்லாத்துக்குமா?"

"படம் பூரா."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போய்க் கேசட்டை முதலிலிருந்து சுற்றவிட்டு வந்து உட்கார்ந்தார். "பேசு," என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, விடுமுறை நாட்களின் மத்தியானங்களில், நான் பேசினேன். முதலில் தயக்கமாக இருந்தது. பிறகு வசனங்கள் தாமாகவே வந்தன. அவள் சொன்னது மறந்துபோன இடங்களில், அவள் என்ன சொல்லியிருப்பாளோ அதைச் சொன்னேன். கொஞ்ச நாளில் எது அவள் சொன்னது, எது நான் சேர்த்தது என்று எனக்கே தெரியவில்லை. வாசல்காரன் வரும்போது அத்தை சிரிப்பார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். பையன் திரையில் வந்தால் மட்டும் அவனிடம் தன் பாஷையில் ஏதாவது சொல்வார். அந்த வீட்டில் வளைய வந்ததில் எனக்குச் சில சொற்கள் தெரியும். மெதுவாக, குளிரும், விழுந்துவிடாதே. பையன் சில சமயம் நேராகத் திரையிலிருந்து வெளியே பார்ப்பான்.

ஒருநாள் அத்தை அடுக்களையில் இருந்தார். படம் ஓடிக்கொண்டிருந்தது, நான் மட்டும் கூடத்தில். பழக்க தோஷத்தில் நான் பேசிக்கொண்டேயிருந்தேன். பையன் விழுந்தான். கையூன்றி எழுந்தான்.

"இரு மாப்ள, வாரேன்."

அடுக்களையிலிருந்து பதில் வந்தது. அவர்கள் பாஷையில், சலிப்போடு, மகளை அதட்டும் குரலில். என்னிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. கரண்டியோடு கதவருகே வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். "நீயா," என்றார். திரும்ப உள்ளே போய்விட்டார். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

நான் மாடிக்கு ஓடினேன். சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். அம்மா துருவித் துருவிக் கேட்டதும் சொன்னேன். "இனிமே அங்க போகாத," என்றாள் அம்மா. "பச்சப் பிள்ளைய உக்கார வச்சு இப்பிடியா. செத்தவள உன் வாயில தேடுறா அந்தம்மா." அப்பா, "பாவம், விடு. அழுகுறதுக்கு ஒரு எடம் வேணும்ல," என்றார்.

நான் மறுபடியும் போனேன். யாரும் வற்புறுத்தவில்லை. அந்தக் குரலைக் கேட்க எனக்கும் வேண்டியிருந்தது. அது என் வாயிலிருந்து வந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

தை மாதத்தில், பரீட்சை நெருங்கிய ஒரு ஞாயிறு, பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோன அந்தக் கேசட்டில் கோடு கோடாகப் படம் ஓடியது. பையன் ஜெயித்தான், வணங்கினான், கதவைத் திறந்துகொண்டு நடந்தான். எழுத்துகள் ஏறத் தொடங்கின.

"அவங்கம்மா எங்க?" என்றார் அத்தை.

"எந்த அம்மா?"

"படகுல ஏத்திவிட்டாளே. அதுக்கப்புறம் காட்டவே இல்லையே. இவன் ஜெயிச்சத யாரு போயி அவகிட்டச் சொன்னா?"

நாங்கள் அத்தனை தடவை பார்த்தும் அந்தத் தாயைப் பற்றி யோசித்ததே இல்லை. எல்லாருக்கும் தமிழ் பேசியவள் அந்தத் தாய்க்கு மட்டும் ஒரு வசனம்கூட வைக்கவில்லை. படகுத்துறைக் காட்சியில் எப்போதும் நாங்கள் முறுக்குத் தட்டை எடுத்துவரப் போய்விடுவோம்.

"காட்டல அத்த," என்றேன்.

அவர் எழுந்து கேசட்டைப் பின்னால் சுற்றினார். படகுத்துறை வந்தது. படகு நகர்கிறது. தாய் நிற்கிறாள், வாய் அசைகிறது. அத்தை அந்த வாய் அசைவுக்குத் தன் பாஷையில் பேசினார். நீளமாகப் பேசினார். திரையில் தாய் நிறுத்திய பிறகும் பேசினார். எனக்கு அதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அல்லது நான் பிடித்துக்கொள்ள விரும்பவில்லை. பிறகு அணைத்துவிட்டு என் தலையில் கைவைத்துச் சொன்னார்: "போதும்மா. நீ போயிப் படி."

அதன்பிறகு அவர் என்னைப் படம் பார்க்கக் கூப்பிடவில்லை. கோடையில் அப்பாவுக்கு மாற்றல் வந்து நாங்கள் வீட்டைக் காலி செய்தோம்.

பல வருடங்கள் கழித்து, எனக்குச் சென்னையில் வேலையும் குடும்பமும் ஆன பிறகு, ஒரு பிளாட்பாரக் கடையில் அந்தப் படம் டிவிடியாகக் கிடைத்தது. அட்டையில் அந்தப் பையன். விலை பேசாமல் வாங்கினேன். இப்போது எனக்கு ஆங்கிலம் தெரியும். அடியில் எழுத்தும் ஓடியது. பெரிய ஆசான் ஒரு இடத்திலும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. பொறுமையைப் பற்றியும் மலையைப் பற்றியும் ஏதேதோ சொல்கிறார். விழுந்து எழும் பையன் எதுவுமே சொல்வதில்லை. மூச்சு மட்டும் வாங்குகிறான். படகுத்துறையில் தாய் சொல்வது இவ்வளவுதான்: காற்று அடிக்கிறது, கழுத்தை மூடிக்கொள். நல்ல படம். இருந்தாலும் அது என்னுடைய படம் இல்லை. யாரோ வேற்றாள் வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது டிவிடியை எடுத்துக்கொண்டு போனேன். அத்தை அப்போது பழைய வீட்டை விற்றுவிட்டு வண்டியூர்ப் பக்கம் குடியிருந்தார். அவள் அப்பா தவறி இரண்டொரு வருடம் ஆகியிருந்தது. கதவைத் திறந்தவருக்கு என்னை உடனே அடையாளம் தெரியவில்லை. "அத்த, நாந்தான்," என்றேன். குரலைக் கேட்டதும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

காபி கொடுத்தார். மாடியில் இருந்த காலத்தைப் பற்றிப் பேசினோம். படம் கிடைத்திருக்கிறது, கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். அவர் பையைப் பார்த்தார், கையை நீட்டவில்லை.

"வேணாம்மா," என்றார். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. அவ எப்பிடிப் பேசுவான்னு நெனச்சுப் பாத்தா இப்பல்லாம் ஒன் குரல்தான் வருது. அவ குரல் எனக்குப் போயிருச்சு."

எனக்கும் எப்போதோ போய்விட்டது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. மன்னிச்சிருங்க அத்த என்று ஏதோ முணுமுணுத்தேன்.

"எதுக்கு? ஒரு குரலாவது இருக்குல்ல." காபி டம்ளரை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். "இரு, ஒடனே போயிராத. கொஞ்ச நேரம் எதாச்சும் பேசிக்கிட்டிரு."

"என்ன பேச அத்த?"

"என்னமோ ஒண்ணு. ஒன் வீட்டப் பத்திச் சொல்லு."

நான் சென்னை வீட்டைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் லாரிக்காகக் காத்திருப்பது, மகள் இன்னும் சரியாகப் பேசாதது, ஆபீஸ் போகும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைக்காதது. அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் நிறுத்தியபோதெல்லாம், "ம்," என்றார். வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பேசிக்கொண்டேயிருந்தேன்.