காய்ச்சல் வீட்டில் தண்ணீர் கேட்டவர்

பழுகாமத்துக் கிளினிக்கில் குழந்தைகளுக்கு நிறை பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வாகரை அலுவலகத்துப் பியோன் பேசினார். "மிஸ்ஸி, நல்லரெத்தினம் ஐயா போயிட்டார்" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். மாற்றல் வந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். செத்துப்போனதைத்தான் சொல்கிறேன் என்றார். கிணறு ஒன்றைப் பார்க்கப் போன இடத்தில், மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு மர நிழலில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். தராசில் தொங்கிய குழந்தை வீரிட்டு அழுதது. அதன் நிறையை எழுத மறந்துபோனேன். தாய் சொன்ன பிறகு மறுபடியும் நிறுத்தேன்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நல்லரெத்தினத்தை அறிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் குடும்பநல மருத்துவிச்சி; ஊருக்கு மிஸ்ஸி. களுதாவளைக்கு அண்மையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்த ஒரு பிரிவில் அவரும் நானும் சேர்ந்து வேலை செய்தோம். செத்தவீட்டில் எல்லோரும் அவரை நல்லவர், நல்லவர் என்றார்கள். அவர் இருந்திருந்தால் அந்தப் பேச்சை நிறுத்தியிருப்பார். தன்னைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் தான் செய்த ஒரு பிழையிலிருந்தே தொடங்குவார். நானும் அங்கேயே வருகிறேன்.

சுனாமியாகக் கடல் வந்த ஆண்டில்தான் அவரைச் சரியாகத் தெரிந்துகொண்டேன். அப்போது மீன் பிணம் தின்றது என்று யாரோ சொல்ல, மாதக்கணக்கில் ஊரில் ஒருவரும் மீன் வாங்கவில்லை. கிணறுகளிலும் பிணநீர்தான் ஊறுகிறது என்றார்கள். அது பொய் என்று விளக்கத் தொடங்கிய என்னை அவர் தடுத்தார். "பயந்த சனத்தோட வாதாடக் கூடா மிஸ்ஸி. கண் முன்னால வேலையச் செய்யணும்" என்றார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கூலிக்கு வந்தவர்களோடு நின்று ஒவ்வொரு கிணறாக இறைத்தார். உப்புத் தண்ணீர் போய் நல்ல தண்ணீர் ஊற வாரங்கள் எடுத்தன. அந்த வாரங்கள் முழுவதும் அவர் கால்விரல் இடுக்குகள் வெந்து கிடந்தன.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அந்தக் காய்ச்சல் வந்தது. வடக்கே வாகரைப் பக்கம் சண்டை மூண்டு, கதிரவெளிச் சனங்கள் காட்டுவழியே நடந்து வந்து, எங்கள் ஊர் விளையாட்டு மைதானத்தில் தறப்பாள் கூடாரங்களில் இருந்தார்கள். அவர்கள் வந்து சில வாரங்களில், முதலில் முகாமிலும் பிறகு ஊரிலும் ஆட்கள் விழத் தொடங்கினார்கள். காய்ச்சல் மூன்று நாளில் விடும். மூட்டு வலி விடாது. நேற்று வயலுக்குப் போனவர் இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சோதனைச் சாவடியில் கைகளை உயர்த்தச் சொன்னபோது, தோள் எழும்பாமல் ஆண்கள் அழுததைக் கண்டிருக்கிறேன். சிக்குன்குனியா என்ற பெயரே எங்களுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. அந்தப் பெயரைச் சொல்ல வாய் பழகும் முன்பே ஊர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. குண்டுப் புகையின் நஞ்சு என்றார்கள். கடலில் செத்தவர்களை அரைகுறையாகப் புதைத்ததால் வந்தது என்றார்கள். கண்ணகை அம்மனுக்குக் காலமல்லாக் காலத்தில் குளிர்த்திச் சடங்கு செய்ய வேண்டும் என்று பூசாரியிடம் போனார்கள். கடைசியில் எல்லாப் பேச்சும் ஒரே இடத்தில் வந்து நின்றது: கதிரவெளியார் கொண்டு வந்த காய்ச்சல். பாண்காரர் சைக்கிளை முகாம் வாசலில் நிறுத்தாமல் போனார். பொதுக் கிணற்றில் கிடந்த வாளியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இது நுளம்புக் கடியால் வருவது, மூச்சால் அல்ல என்று நல்லரெத்தினத்துக்குத் தெரியும். முகாமில் தண்ணீர் நிரப்பி வைத்த பீப்பாய்களில் நுளம்பாகப் போகும் குடம்பிப் புழுக்கள் நெளிந்ததை அவர்தான் எனக்குக் காட்டினார். நுளம்புக்குப் புகை அடிக்கும் ஆட்கள் பட்டணத்திலிருந்து வருவதாக இருந்தது. மருந்து குறைவு. நோயாளி இருக்கும் கூடாரங்களிலிருந்து தொடங்க வேண்டும். எது எது என்று அவர்களுக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும். காத்தான்குடியில் ஒரு கடையில் சிவப்புத் துணி வாங்கி வந்தார். நான் அதைக் கீலம் கீலமாகக் கிழித்துக் கொடுத்தேன். காய்ச்சல் இருந்த ஒவ்வொரு கூடாரத்தின் முன்கம்பிலும் அவர் அதைக் கட்டினார். மாலை வெயிலில் மைதானம் முழுக்கச் சிவப்பு அசைந்தது. அடுத்த நாள் புகை அடிக்கும் வண்டி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. துணிகள் மட்டும் அங்கேயே கிடந்தன.

புகை அடிப்பவர்களுக்காகக் கட்டிய அடையாளத்தை ஊர் தனக்காக எடுத்துக்கொண்டது. மைதானத்துப் பக்கமாகப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைத் தாய்மார் வாவிக்கரையால் சுற்றி அனுப்பினார்கள். முகாமிலிருந்து வருபவரிடம் "உங்கட கூடாரத்தில துணி கட்டியிருக்கா?" என்று கேட்டுவிட்டே கடையில் சாமான் கொடுத்தார்கள்.

புவனா என்ற பெண்ணின் கூடாரத்திலும் துணி இருந்தது. அவள் கணவன் யோகனுக்குக் காய்ச்சல். அவளுக்கு ஒன்பது மாதம். முதல் பிள்ளை. முகாமுக்குப் போகும்போதெல்லாம் அவளை நான்தான் பார்த்து வந்தேன். குழந்தை நல்ல வாகில் இருந்தது.

துணி கட்டிய நாலாம் நாள் எனக்கும் காய்ச்சல் தொடங்கியது. ஐந்தாம் நாள் நடுப்பகல், படலையில் ஒரு குரல் கேட்டது. "மிஸ்ஸியக் கூப்பிடுங்க, முகாமில ஒரு புள்ளைக்கு வலி எடுத்திட்டு." என் வீட்டுக்காரர் படலையைத் திறக்காமலே பதில் சொன்னார். "மிஸ்ஸிக்கு எழும்ப ஏலா. ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க." அந்தக் குரல் இன்னொரு முறை கெஞ்சியது. நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். முழங்கால் நொந்தது உண்மை. ஆனால் அன்று காலை அதே காலால்தான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி வந்திருந்தேன். வாயைத் திறந்து "நில்லுங்க, வாறன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காலடி இழுபட்டு இழுபட்டுத் தேய்ந்து போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சந்தியில் நின்ற மூன்று ஓட்டோக்களும், எந்தக் கூடாரம் என்று கேட்டுவிட்டு மறுத்தனவாம். நெல் ஏற்ற வந்த ஒரு உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் புவனாவைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். சாவடியில் இறக்கிச் சோதித்தார்கள். மறுபடி ஏற்றி ஒரு மைல்கட்டை தூரம் போகும் முன் பிள்ளை பிறந்தது. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிய ஆண் குழந்தை. அது அழவேயில்லை. கொடி சுற்றிய பிள்ளைகளை நான் எத்தனையோ பிறப்பித்திருக்கிறேன். தலை வந்ததும் விரலை உள்ளே கொடுத்துக் கொடியைத் தளர்த்தி எடுத்து விட வேண்டும். பழகிய கைக்கு அது பெரிய வேலையல்ல. அந்தப் பெட்டியில் பழகிய கை இருக்கவில்லை.

செய்தி கேட்டு நல்லரெத்தினம் அன்று பின்னேரமே முகாமுக்குப் போனார். கூடாரம் கூடாரமாகத் துணிகளை அவிழ்த்தார். முடிச்சு இறுகியவற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார் என்று முகாமில் இருந்தவர்கள் சொன்னார்கள். அடுத்த நாள் புவனா ஆசுபத்திரியிலிருந்து திரும்பியதும் அவள் முன்னால் போய் நின்றார். "துணி கட்டினது நான் புள்ள. அது நான் செஞ்ச வேல" என்றார். புவனா அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னதை அவரே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "எங்கட ஊரில சிவப்புத் துணி கட்டிக் கிடந்தா அங்கால மிதிவெடி எண்டு அர்த்தம் ஐயா. நாங்களும் கிட்டப் போகமாட்டம்."

அந்த வாரமே கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. முகாமை வாவிக்கு அக்கரைக்கு மாற்றச் சொல்லி மனு எழுதியிருந்தார்கள். நான் படுக்கையில் இருந்ததால் போகவில்லை. போனவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஒருவர் எழுந்து, "கட்டின துணிய ஏன் அவுத்தீங்க? மறுகா எங்களுக்கு எப்பிடித் தெரியிற?" என்று கேட்டார். நல்லரெத்தினம் தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, எந்த ஒழுங்கையில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று வாசித்தார். ஊருக்குள் இருந்த நோயாளிகள் முகாமில் இருந்தவர்களைவிட அதிகம். கேட்டவரைப் பார்த்து, "உங்கட வீட்டிலயும் ரெண்டு பேர். அதுக்கு என்ன நிறத்தில கட்டுவம்?" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண், பிள்ளை செத்ததற்கு மருத்துவிச்சி போகாததுதானே காரணம் என்றாளாம். "மிஸ்ஸியும் காய்ச்சலில கிடக்கிறா. கதைய மாத்தாதீங்க. துணி கட்டினது நான்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். இதைக் கேட்டபோது எனக்கு மூச்சு வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மனு அப்போதைக்கு மேலே போகவில்லை. ஆனால் ஊர் மாறிவிடவுமில்லை. கழற்றிய வாளி திரும்பி வரவில்லை. காய்ச்சல் ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் போய் வந்த பிறகுதான் முகாமைப் பற்றிய பேச்சு ஓய்ந்தது. எல்லோரும் நொண்டிய பிறகு யாரை யார் ஒதுக்குவது?

அந்த நாட்களில் அவர் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். காய்ச்சல் வீடு என்று அயலவர் ஒதுக்கிய இடத்துக்குப் போவார். உள்ளே போய் நோயாளியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஒழுங்கையில் போகிறவர்களுக்குத் தெரியும்படி முற்றத்தில் உட்காருவார். "புள்ள, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா" என்பார். கொண்டுவந்த செம்புத் தண்ணீர் முழுவதையும் மெதுவாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்புவார். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு வீடு. வயிறு ஊதிப்போய் மோட்டார் சைக்கிளில் ஏற முடியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். இது போதுமா என்று ஒருநாள் கேட்டேன். "போதாது. ஆனா துணிய விட நல்லம்" என்றார்.

நடந்ததைத் தன் கைப்பட எழுதி மேலதிகாரிக்கும் கொடுத்தார். அவர் வாசித்துவிட்டு, இதெல்லாம் எழுதி வைக்கிற விசயமா, கிழித்துப் போடும் என்றாராம். நல்லரெத்தினம் மறுத்தார். சில மாதங்களில் அவருக்கு வாகரைக்கு மாற்றல் வந்தது. எல்லோரும் தண்டனை என்றார்கள். கதிரவெளிச் சனங்களும் அதே பக்கத்துக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. அவர் பெட்டியைக் கட்டினார். கடைசி வரை அங்கேயே இருந்தார்.

போன மாதம் அவர் என்னோடு பேசியதும் ஒரு காய்ச்சலைப் பற்றித்தான். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு, பன்றிக் காய்ச்சல் என்று ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருந்ததல்லவா. ஓட்டமாவடியில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் இருமினார் என்று, அந்த வீட்டுக்கு அடையாளம் போடச் சொல்லி அயலவர் இவரிடம் வந்திருக்கிறார்கள். "இது மூச்சால வாறது மிஸ்ஸி. உள்ள போய்த் தண்ணி குடிச்சுக் காட்ட ஏலா" என்றார். பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். காலையும் மாலையும் வேலிக்கு வெளியே நின்று அந்த மனிதரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஊர் கேட்க நலம் விசாரித்து வந்தாராம். ஒரு வாரத்தில் அந்த மனிதர் எழும்பிப் பள்ளிவாசலுக்குப் போனார். "ஒரு காய்ச்சலுக்குப் படிச்சது மற்றக் காய்ச்சலுக்கு உதவாது. பயம்தான் ஒரே மாதிரி வருகுது" என்றார். அதுதான் நான் கேட்ட அவரது கடைசிப் பேச்சு.

அவருடைய சொந்த ஊரான களுதாவளையில் செத்தவீட்டன்று, கதிரவெளியிலிருந்து பஸ்ஸில் வந்தவர்களோடு புவனாவும் யோகனும் நின்றார்கள். புவனாவின் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. இந்தப் பிள்ளைக்கு வலி எடுத்த அன்று ஐயாவே நின்று வாகனம் ஒழுங்கு செய்து அனுப்பினார் என்றாள். பாடை எடுத்த பிறகு வேலியோரம் அவள் தனியாக நின்றபோது, மூன்று வருடமாக வாய்வரை வந்து திரும்பியதைச் சொன்னேன்.

"புவனா, அண்டைக்கு ஆள் வந்து கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நடக்க ஏலாமல் இல்ல. நான் வரல்ல."

அவள் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "தெரியும் மிஸ்ஸி" என்றாள். "வந்தவர் எங்கட வீட்டுக்காரர்தானே. காய்ச்சலோட இழுத்து இழுத்து வந்தவர். நீங்க கட்டிலில எழும்பி இரிந்தத யன்னலால கண்டவர்."

யோகன் தூரத்தில் நின்றான். என்னைப் பார்க்கவில்லை.

"ஐயாவுக்கும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அண்டைக்குப் பின்னேரமே இவர் சொன்னவர். ஐயா ஒருத்தரிட்டயும் சொல்லாத எண்டிட்டார். ஊர் உங்களையும் தள்ளி வைச்சா மறுகா புள்ளப்பெறுக்கு ஆரும் இல்ல எண்டவர்."

அவர் சுமந்து போன பழியில் என் பங்கும் இருந்தது. தெரிந்துகொண்டே மாற்றலான பிறகும் மூன்று வருடம் மாவட்ட அலுவலகக் கூட்டங்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக்காரர் சுகமா என்று விசாரித்தார். முகத்தில் ஒருநாளும் காட்டவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பங்குதான். அதை இனி நான் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் கதிரவெளிக்குப் போகிறேன், யோகனைப் பார்க்க. அவன் வரச் சொல்லவில்லை.