பிலோமினா அக்காவின் திரையில்லாத கணினி

பிலோமினா அக்காவின் தம்பி சேவியரின் குரல்செய்தி வந்தபோது நான் சிவாஜி நகர் போகும் பஸ்ஸில் இருந்தேன். "அக்கா காலையில போயிட்டாங்க. அடக்கம் சாயந்தரம்." அவ்வளவுதான். கண்டக்டர் வந்து "எல்லி இளீத்தீரா அம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார். எங்கே இறங்குவது என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, விவேக் நகருக்கு வேறு பஸ் பிடித்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? பிறவியிலேயே பார்வை இல்லாதவர். எங்கள் அரசு அலுவலகத்தின் டெலிபோன் ஆபரேட்டர். "ஹலோ" என்று ஒரு தடவை சொன்னால் போதும், யார், எந்த செக்‌ஷன், இன்று என்ன மனநிலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார். கணக்குப் பிரிவிலிருந்த நான் மதியம் அவருடன்தான் சாப்பிடுவேன். முன்கோபி என்று அவருக்குப் பெயர். எனக்கும் அதே பெயர்தான் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், கம்ப்யூட்டர் வாங்க வேண்டும், கூட வா என்றார். கையில்தான் போன் இருக்கிறதே என்றேன். "தேய்க்கிற வேலையெல்லாம் எனக்கு ஒத்து வராது வசந்தா. விரலுக்குக் கீழ பட்டன் இருக்கணும். டெலிபோன் போர்டுல உக்காந்த கை இது" என்றார்.

எஸ்.பி. ரோடு கடையில், டிபன் பாக்ஸ் அளவே இருந்த ஒரு சின்ன டெஸ்க்டாப்பை எடுத்து அவர் கையில் வைத்தார்கள். அதை உள்ளங்கையில் ஏந்தி, எடை பார்த்து, பின்பக்க ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கூடவே ஒரு கீபோர்டும் கேட்டார். கடைக்காரர் மானிட்டரைக் காட்ட ஆரம்பித்ததும், "எனக்கு எதுக்குப்பா அது? வேணும்னா நீ பார்த்துக்கோ" என்றார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

முதல் முறை ஓடவிடும்போது மட்டுமாவது ஒரு திரை வேண்டும் என்று அவருடைய தம்பி சேவியர் பிடிவாதம் பிடித்தார். அக்கா அந்தத் தம்பியின் குடும்பத்தோடுதான் இருந்தார். ஹாலிலிருந்த டிவியில் பெட்டியை இணைத்தோம். கேபிள் எந்த ஓட்டையில் போகும் என்று சேவியரும் நானும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே, அக்கா நண்பர் ஒருவரிடம் கேட்டு வைத்திருந்தபடி மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தினார். திரையில் வருவதையெல்லாம் பெட்டி வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டது. பாஸ்வேர்டு கேட்டபோது சேவியர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"நீ சொல்லுக்கா, நான் அடிக்கிறேன்."

"உங்கிட்ட சொல்லிட்டா அது என்னடா பாஸ்வேர்டு? எல்லாரும் சுவத்தைப் பாத்துத் திரும்புங்க."

சேவியர், அவர் மனைவி ரீட்டா, நான், மூவரும் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்கள் போலச் சுவரைப் பார்த்து நின்றோம். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திரும்பிவிட்டோமா என்று எங்கள் குரல் போகும் திசையை வைத்தே அவர் சரிபார்த்தார்.

தமிழ்க் குரலையும் ஏற்றி முடித்ததும் முதல் மின்னஞ்சலைத் திறந்தார். சோதித்துப் பார்க்க நான் அனுப்பியதுதான் அது. சத்தமும் டிவியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது; அதைக் குறைத்து வைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. "ரீட்டா வைத்த மீன் குழம்பில் புளி அதிகம், உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா" என்று டிவி தெருவுக்கே கேட்கும்படி படித்தது.

"புளி ஜாஸ்தியா? அடுத்த வாட்டி நீங்களே வந்து வைங்க" என்றாள் ரீட்டா.

அக்கா சிரித்து அடங்க நேரமாயிற்று. பிறகு கேபிளைப் பிடுங்கி, "உங்க டிவி உங்களுக்கு" என்று கொடுத்துவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டார்.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று அன்று கேட்டேன். "எனக்கு வந்த எதையும் நான் முதல்ல படிச்சதில்ல வசந்தா" என்றார். அப்பா படிப்பார், பிறகு தம்பி படித்தான், அலுவலகத்தில் நாங்கள் படித்தோம். எல்லோரும் பாசத்தோடுதான் படித்தோம். அந்தப் பாசம்தான் அவருக்குத் தொல்லை. "நல்ல சேதின்னா சத்தமா படிப்பீங்க. கெட்டதுன்னா தொண்டையைச் செருமிட்டு, குரலைத் தாழ்த்துவீங்க. நடுவுல ரெண்டு வரி காணாமப் போயிடும். அந்த ரெண்டு வரிதான் என்னுது."

அதன்பின் அவர் அறைக்குப் போனவர்கள் எல்லோரும் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். மேசையில் சின்னப் பெட்டி, கீபோர்டு, எதிரே மாதா படம் போட்ட காலண்டர். அந்தக் காலண்டரைப் பார்த்தபடி அவர் மடமடவென்று டைப் செய்துகொண்டிருப்பார். முதலில் பயந்த ரீட்டாவும் பழகிவிட்டாள். குரலின் வேகத்தை அவர் கூட்டிக்கொண்டே போனதில், இயர்போனை வாங்கிக் கேட்டால் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. கரண்ட் பில், கோயில் அறிவிப்பு, நண்பர்களின் சண்டை எல்லாம் ஒரே தொனி. "அந்தாளுக்குச் சுகமும் இல்ல, துக்கமும் இல்ல. அதான் எனக்குப் புடிக்குது" என்பார். நான் தினமும் அனுப்பிய காலை வணக்கப் படங்களுக்கும் ஒருநாள் பதில் வந்தது: "நீ அனுப்பும் படத்தில் என்ன இருக்கிறது என்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பேச விருப்பம் இருந்தால் எழுது." அன்றிலிருந்து எழுதினேன். இவ்வளவு காலம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் பேசாததையெல்லாம் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்தபோது, முடிவை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கவுன்ட்டரில் கேட்டிருக்கிறார்கள். சேவியர் வாயைத் திறப்பதற்குள் அக்கா தன் மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டார். முடிவு வந்த நேரத்தில் ரீட்டா அதே அறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாளாம். அக்கா இயர்போனில் கேட்டார். திரும்ப ஒருமுறை கேட்டார். கழற்றி வைத்துவிட்டு, "கொஞ்சம் காபி போடுறியா ரீட்டா?" என்றார். ரீட்டாவுக்கு எதுவும் தெரியவில்லை.

சில நாட்கள் அதைத் தனக்குள்ளேயே வைத்திருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் என்னையும் வரச் சொல்லி, எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். புற்றுநோய், பரவியிருக்கிறது, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. போர்டில் லைன் கொடுக்கும்போது எப்படிப் பேசுவாரோ அதே தெளிவு.

சேவியர் உடைந்துபோனார். "ஏன்க்கா எங்கிட்ட முதல்ல சொல்லல?"

அக்கா கையை நீட்டி அவர் தலையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "எப்பவும் நீ முதல்ல தெரிஞ்சுகிட்டு எனக்காக அழுவே. அப்புறம் மூஞ்சைக் கழுவிட்டு வந்து எங்கிட்ட பாதி சொல்லுவே. இந்த ஒண்ணை நான் முழுசா தெரிஞ்சுக்கணும்டா." பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தாளு குரலைத் தாழ்த்தவே இல்ல வசந்தா. கரண்ட் பில் மாதிரியே படிச்சான். எனக்கு அது மரியாதையா இருந்துச்சு."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் நான் ரீட்டாவோடு சமையலறைக்குப் போய் நின்றேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். இப்போது யாருக்காவது எதையாவது படித்துக்காட்ட நேர்ந்தால், வந்ததை வந்தபடி, கடைசி வரிவரை, ஒரே குரலில் படிக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இதை இன்று உங்கள் எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அவருடைய பார்வையற்ற நண்பர்கள் இதைக் கணினியின் குரலில்தான் கேட்கப்போகிறீர்கள். எழுதும்போது நான் எழுந்து போய் முகம் கழுவி வந்த இடங்களில் அது நிற்காது. நிற்கவும் வேண்டாம். போய்விட்டார், கண்மூடினார் என்று நானும் சுற்றி வளைக்கவில்லை. பிலோமினா அக்கா இறந்துவிட்டார். என்னால் தாங்க முடியவில்லை.