அக்கா தந்த சாட்சி

தையல்காரிக்கு முன்னறையில் மெஷின், பின்னறையில் தம்பி. கல்லூரியில் படிக்கும்போதே அவனுக்குக் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்துவிட்டன. அக்கா கையால் கொடுத்தால்தான் மாத்திரை உள்ளே போகும். அவள் தைக்கும் பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் பொறுக்கிக் கொடுப்பான். ஓர் ஈயைக்கூட அடித்தவனில்லை. ஆனாலும் அவன் தெருவில் இறங்கினால் அக்கம்பக்கத்தார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் சாயங்காலம் தெருமுனையிலிருந்த சலவைக்கடை எரிந்துபோனது. தம்பி சட்டையெல்லாம் புகை நாற்றத்தோடு வந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தான். அவள் அந்தச் சட்டையை மோந்து பார்த்தாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலில் கூட்டம்.

"உங்க தம்பி அந்தக் கடை முன்னாடி நின்னு தனக்குத்தானே பேசிட்டிருந்தாராமே?"

யாரும் அவளை மிரட்டவில்லை. அவளாகவே சொன்னாள்: "அவன்தான் சார் செஞ்சிருப்பான். மூளை சரியில்லாதவன். அடிச்சிடாதீங்க."

தம்பி அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஸ்டேஷனில் கேட்டதும் ஒப்புக்கொண்டான். எப்படிக் கொளுத்தினான் என்றுதான் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துச் சலவைக்காரரே அழுதுகொண்டு வந்தார். இஸ்திரிப்பெட்டியை அணைக்காமல் டீ குடிக்கப் போனவர் அவர்தான். புகை நாற்றம், வேடிக்கை பார்த்த எல்லார் சட்டையிலும் இருந்திருக்கும். அவள் மோந்து பார்த்தது ஒரு சட்டையைத்தான்.

தம்பி வீட்டுக்கு வந்தான். அடுப்புப் பக்கமே போகவில்லை. "தீப்பெட்டியைப் பூட்டி வச்சிடுக்கா" என்றான்.

"நீ செய்யலடா. கடைக்காரரே ஒத்துக்கிட்டாரு."

"நீ சொன்னியேக்கா."

டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "குரல் கேக்குறவங்க எல்லாரும் குத்தம் செய்யறதில்லம்மா. அந்தக் குரலையெல்லாம் நம்பக்கூடாதுன்னு இவர் இத்தனை வருஷம் போராடிட்டிருந்தாரு. உங்க குரலை நம்பிட்டாரு."

திரும்பி வந்தவள் வீட்டுக்குள் போகவில்லை. நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் மாற்ற வேண்டும் என்று நடுத்தெருவில் நின்றாள்.

"என் தம்பி ஒண்ணும் பண்ணல! நான்தான் வாய் கூசாம பழி போட்டேன்!"

ஜன்னல்கள் திறந்தன. சில உடனே மூடிக்கொண்டன. தம்பி பின்னால் வந்து அவள் முழங்கையைப் பிடித்தான்.

"கத்தாதக்கா. உன்னையும் பைத்தியம்னு சொல்லிடுவாங்க. உள்ள வா."