நாத்மின் தைத்த தலையணை

நாத்மின் என் கூட்டாளி. பாத்தி ஊர்ப் பக்கம் இலவம்பஞ்சு அடித்து மெத்தை தைக்கிறவர்கள் நாங்கள். அவன் தைத்த மெத்தையில் ஒரு மேடு பள்ளம் காட்ட முடியாது. அந்தக் கர்வம் அவனுக்கு நிறைய. பொறாமை அதைவிட நிறைய.

அவன் மகள் வெனிங்குக்கு ஏழு வயதில் கண் அரிக்க ஆரம்பித்தது. கசக்கிக் கசக்கிச் சிவந்துபோய், நூல் நூலாகப் பீளை. டாக்டரம்மா மேல் இமையைப் புரட்டிக் காட்டினார். உள்ளே கூழாங்கல் பரப்பியது போலக் கொப்புளம்.

"ஒட்டுற கண்வலி இல்ல, ஒவ்வாமை. வீட்டுல என்ன தொழில்?"

"பஞ்சுங்க."

"அந்தத் தூசியா இருக்கும். சொட்டு மருந்து போடுங்க, ஈரத்துணி வைங்க, கசக்க விடாதீங்க. கொஞ்ச நாள் தூசியில்லாத வீட்டுல இருக்கட்டும்."

அப்படி ஒரு வீடு அவன் மச்சான் கர்சோனோவுடையதுதான். ஜுவானாவில் மீன் வியாபாரம், பளபளவென்று டைல்ஸ் தரை, பிள்ளை கிடையாது. அங்கே போனதும் கண் தெளிந்துவிட்டது. நாங்கள் பார்க்கப் போகும்போதெல்லாம் வெனிங் மாமன் மடியில் உட்கார்ந்து, அவன் முள்ளெடுத்த மீனைத் தின்றுகொண்டிருப்பாள்.

"ஊட்டி விடுறானாம்! அவளுக்குப் பல்லு இல்லையா?" என்று திரும்பும் வழியெல்லாம் பொருமினான் நாத்மின்.

"மருந்து உன் கண்ணுக்குத்தான்டா போடணும்" என்றேன்.

அடுத்த தடவை, பூப்போட்ட துணியில் ஒரு குட்டித் தலையணை தைத்துக் கொண்டுபோய் அவளிடம் ரகசியமாகக் கொடுத்தான். "மாமாகிட்டச் சொல்லாத. இதுல படுத்தா அப்பா பக்கத்துல படுத்த மாதிரி."

கொஞ்ச நாளில் கண் மறுபடி வீங்கியது. எல்லோரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம்.

"இப்படியே விட்டா கருவிழியில தழும்பு விழுந்துரும். வீட்டுல புதுசா என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் இல்லைங்களே" என்றான் கர்சோனோ. "என் வீட்டுலதான் கோளாறு போல. மச்சான், புள்ளையக் கூட்டிட்டுப் போயிருங்க."

நாத்மின் இத்தனை நாளும் கேட்க ஆசைப்பட்டது அந்தப் பேச்சைத்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வெனிங் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"தலையணைங்க" என்றான். "பஞ்சு. நான்தான் கொடுத்தேன்."

"அப்பா சொல்லக்கூடாதுன்னாரு" என்று வெனிங் அழுதாள்.

அன்றே தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அவள் அங்கேயே இருக்கிறாள், கண் தேறி வருகிறது. இப்போதெல்லாம் தலைக்குக் குளித்து, பஞ்சுக் களத்துப் பக்கமே கொண்டுபோகாத சட்டையை மாட்டிக்கொண்டுதான் பார்க்கப் போகிறான். போன வாரம் அவன் தோளில் சாய்ந்து வெனிங் சொன்னாள், "அப்பா, மாமா மாதிரியே வாசனையா இருக்கீங்க."

வண்டியில் ஏறியதும் என் முதுகில் ஒரு குத்து விட்டான்.

"அவன் என்ன சோப்புடா போடுறான்? நாளைக்கே என் சோப்ப மாத்தணும்."