ஓட்டை விழாத பம்பர்

முதலில் இரண்டு விரலால் நம்பர் பிளேட்டின் ஓரத்தைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்ப்பார். அசையவில்லை என்றால் சந்தேகம் வந்துவிடும். கொஞ்சம் பலமாக ஆட்டுவார். அப்போதும் அசையவில்லை என்றால் சந்தேகம் இன்னும் கூடி, இழுத்துப் பார்ப்பார். பிளேட் கையோடு வந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் பேப்பர் படிக்கும் என்னைப் பார்த்து, "கண்டீங்களா சாரே, நான் அப்பவே சொன்னேன். இந்த டேப்பு சரியில்ல" என்பார். காலை ஆறரை மணிக்கு இது நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழரை ஆகும்.

பேர் இசக்கிதுரை. வயது ஐம்பத்து நான்கு. கார்ப்பரேஷனில் கொசு மருந்து அடிக்கும் வேலை. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மட்டாஞ்சேரி அரிசி கோடவுனுக்கு மூட்டை தூக்க வந்த குடும்பம். தமிழ் பேசுவார், எழுதச் சொன்னால் மலையாளத்தில் எழுதுவார், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். முதுகில் மருந்து டப்பாவோடு வீடுவீடாகப் போய், கக்கூஸ் டாங்கின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டினாயா, சிரட்டையைக் கவிழ்த்தாயா, தொட்டிக்கு மூடி உண்டா என்று பெண்களை விரட்டுவதில் முப்பது வருஷ அனுபவம். "ஓட்டைன்னா தண்ணி. தண்ணின்னா கொசு. கொசுன்னா காய்ச்சல்." இதுதான் அவருடைய வேதம். அதில் யாரையும் அவர் கைவைக்க விட்டதே இல்லை.

அந்த வேதத்தைத் தன் காரின் பம்பருக்கும் நீட்டித்தபோதுதான் தெருவே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது.

கார் 2011-ஆம் வருஷத்து சின்ன வண்டி. ஒருகாலத்தில் வெள்ளி நிறமாக இருந்திருக்க வேண்டும். "செகண்ட் ஹேண்ட்தான், ஆனா ஒரு டாக்டர் ஓட்டினது" என்று எல்லாரிடமும் சொல்வார். ஆர்.சி. புத்தகத்தில் இவர் நான்காவது ஆள். முந்தைய மூவரில் டாக்டர் யாரென்று புத்தகம் சொல்லவில்லை. கலூரில் ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் வாங்கினார். முன்பக்கம் எதிலோ மோதி நொறுங்கியிருந்ததால் வியாபாரி புதுசாக ஒரு கறுப்பு பம்பரை மாட்டிக் கொடுத்திருந்தான். ஆகவே அந்தக் காரில் புதுசு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அதில் நம்பர் பிளேட் மாட்ட ஓட்டை போட வேண்டும் என்று மெக்கானிக் யூசுப் டிரில் மெஷினை எடுத்தபோது, இசக்கிதுரை அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நெத்தியில போய் எவனாவது ஓட்டை போடுவானாடே?"

நெற்றியில் ஓட்டை கூடாது, சரி. காலடியில்? முன்சீட்டின் இடதுபக்கம், பாதம் வைக்கும் இடத்தில் உப்புக்காற்று தின்று ஒரு துவாரம் விழுந்திருக்கிறது. அரைமூடித் தேங்காய் தாராளமாக நுழையும். அதன் வழியாக பஜார் ரோட்டின் குழிகளை எண்ணிக்கொண்டே போகலாம். மழைக்காலத்தில் சேறு உள்ளே பீய்ச்சி அடிக்கும். மிளகுச் சாக்கு ஒன்றை நாலாக மடித்து அதன்மேல் போட்டிருக்கிறார். அவர் மனைவி பாக்கியலக்ஷ்மி அந்த சீட்டில் ஏறினால் இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொள்வார். ஒருநாள் இந்த ஓட்டையில் கொசு வராதா என்று நான் கேட்டேன். "அது கீழதானே சாரே, எவன் பாக்கப் போறான்?" என்றார். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆனால் கார் விஷயத்தில் அவருக்கு உள்ளே ஒரு காயம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். மகள் அஞ்சுவைக் கும்பளங்கியில் கட்டிக்கொடுத்தபோது இவர்கள் வாடகை வேனில் போய் இறங்கினார்கள். சம்பந்தி நல்ல மனுஷன். நல்ல மனுஷத்தனமாகவே, எல்லார் காதிலும் விழும்படி, "உங்க வண்டி எங்க போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். இசக்கிதுரை வேன் டிரைவரைக் கைகாட்டினார். அன்று இரவே முடிவு செய்தாராம், ஏழாம் மாதம் பிள்ளையைப் பிரசவத்துக்கு அழைத்துவரும்போது சொந்த வண்டியில்தான் அழைத்துவருவது என்று. அஞ்சுவுக்கு அப்போது மாதமே தவறியிருக்கவில்லை.

இப்போது ஏழாம் மாதம் வந்துவிட்டது. புதன்கிழமை நாள் குறித்தாகிவிட்டது. பாக்கியலக்ஷ்மி இரண்டு நிபந்தனை போட்டார். "ஒரு ஓட்டைய அடைக்கணும், ஒரு இடத்துல ஓட்டை போடணும். ரெண்டும் ஆகாம என் பிள்ளை அதுல ஏறாது. நம்பர் இல்லன்னு நடுரோட்டுல நிறுத்திப் போட்டான்னா, வயித்துப்பிள்ளைக்காரிய வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்?" நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கு இசக்கிதுரை பதில் சொல்வதில்லை, கைபேசியில் வீடியோ பார்ப்பார்.

ஓட்டை போடாமல் நம்பர் பிளேட் மாட்டுவது எப்படி என்று உலகத்தில் எவ்வளவோ பேர் வீடியோ போட்டிருக்கிறார்கள். இவர் அத்தனையும் பார்த்தார். ஒரு வெள்ளைக்காரன் இழுவைக் கொக்கி மாட்டும் துளையில் ஒரு கம்பியைத் திருகி அதில் பிளேட்டை மாட்டினான். அந்தத் துளைக்கு பம்பரில் சின்ன மூடி ஒன்று இருக்கும் என்று சொன்னான். இசக்கிதுரை இரண்டு நாள் பம்பர் முழுக்க நகத்தால் தட்டித் தட்டி மூடியைத் தேடினார். இந்த வண்டிக்கு அது கிடையாது, கொக்கி அடியில் பற்றவைத்திருக்கிறது என்று யூசுப் மூன்றாம் நாள் சொன்னான். பிறகு பழைய ஸ்பீக்கர்களிலிருந்து நான்கு காந்தம் கழற்றிக்கொண்டு வந்தார். பம்பர் பிளாஸ்டிக் என்பது காந்தத்துக்குத் தெரிந்திருந்தது. அவர் அதைச் "சைனா காந்தம்" என்று திட்டிச் சாக்கடைப் பக்கம் வீசினார்.

அதன்பின் வயர் கட்டும் நைலான் டை. கிரில் கம்பியோடு சேர்த்து இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டியதில் பிளேட் ஒன்பது நாள் நின்றது. சத்தியமாக நின்றது, நானே சாட்சி. பத்தாம் நாள் காலையில் அவரே கத்தரியால் வெட்டிவிட்டார். ஏனென்று கேட்டதற்கு, பிளேட்டுக்குப் பின்னால் துணி போகவில்லை, அந்த இடம் மட்டும் வெளுத்துப் போகும் என்றார்.

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் வெயிலில் வெளுக்கும். வெளுக்காமலிருக்க இசக்கிதுரை தினமும் அதற்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்கிறார். கிழிந்த பனியன் துண்டு, சின்னக் கிண்ணத்தில் எண்ணெய், மழைக்காலமானால் லேசாகச் சுடவைத்து. பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, கறுகறுவென்று ஆனபின், அதன்மேலேயே இரட்டைப் பக்க டேப்பை ஒட்டி, அதன்மேல் பிளேட்டை அமுக்கிப் பிடித்து நூறு எண்ணுவார். எண்ணெய்மேல் எந்த டேப் ஒட்டும்? தெருவில் எல்லாருக்கும் தெரியும். யூசுப் மூன்று முறை சொன்னான். வீடியோவில் வரும் ஆள்கூட ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் ஒட்டுகிறான் என்று நானும் காட்டினேன். "அவனுக்கு அங்ஙன தேங்காயெண்ணெய் கிடைச்சிருக்காது" என்றார். ஒருமுறை எங்கள் தொல்லைக்காக ஸ்பிரிட்டால் துடைக்கவும் செய்தார். துடைத்த இடம் சாம்பல் பூத்துக் கிடந்ததைப் பார்த்ததும் மனம் கேட்காமல் ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் வைத்துவிட்டு, அப்புறம் ஒட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்கு டேப் கோணல், வெயில் கோணல், காயல் காற்று கோணல்.

பிளேட் விழாத இடம் மட்டாஞ்சேரியில் குறைவு. மிளகு ஏற்றும் தொழிலாளிகளுக்கு அந்த எண் மனப்பாடம். கண்டால் எடுத்து அருகிலிருக்கும் கடை ஷட்டரில் சாய்த்துவைப்பார்கள். ஒருமுறை அரிசி லாரி ஏறி மூலை மடங்கியது. அம்மிக்குழவியால் தட்டி நிமிர்த்தினார். அப்போது பாக்கியலக்ஷ்மி என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது. "அஞ்சுவுக்குக் காது குத்தினப்ப பிள்ளை வீறிட்டுக் கத்துது. இவரு தலைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, குத்துவே, ஒரு நிமிஷந்தானேங்கிறாரு ஆசாரிக்கிட்ட. பம்பருக்குன்னா மட்டும் உருகுதாரு." சொல்லிவிட்டு, ஓரவஞ்சனை ஆகிவிடுமோ என்று நினைத்தாரோ என்னவோ, "அப்புறம் புண்ணு ஆறுத வரைக்கும் சுண்டுவிரலால எண்ணெய் தொட்டு வச்சதும் இவருதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

புதன்கிழமை நானும் போனேன். புருஷன், பெண்டாட்டி, பாக்கியலக்ஷ்மியின் தங்கை வசந்தி என்று மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது என்பதால் நான்காவது ஆளாக என்னைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். போவதற்கு மட்டும்தான் இந்த வண்டி, ரெண்டு ஓட்டை விஷயமும் முடியாமல் பிள்ளை இதில் திரும்பி வராது என்று சொல்லிவிட்டே பாக்கியலக்ஷ்மி ஏறினார். முன்னிரவே பிளேட்டை ஒட்டி அதன்மேல் செங்கல்லைச் சாய்த்து வைத்திருந்தார் இசக்கிதுரை. தோப்பும்படி தாண்டும்வரை இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. கும்பளங்கியில் சம்பந்தி வீட்டு முற்றத்தில் நிறுத்தியபோது பிளேட் இருந்த இடத்தில் இருந்தது. இறங்கியதும் முதலில் அதைத்தான் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

சாப்பாடு முடிந்தது. ஒன்றரை வரைக்கும் ராகுகாலம். அந்த நேரத்தில் மருமகன் ஜிதின் வண்டியைச் சுற்றிப் பார்த்து, மிளகுச் சாக்கைத் தூக்கி, கீழே புல் தெரிவதைக் கண்டான். அவனுக்கு அலுமினிய ஜன்னல் மாட்டும் வேலை. வீட்டிலேயே தகடும் டிரில் மெஷினும் இருந்தன. பத்து நிமிஷத்தில் தகட்டை வெட்டி, எட்டு ஓட்டை போட்டு, எட்டு ஸ்க்ரூ இறக்கினான். இசக்கிதுரை தகட்டைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு போடு மாப்ளே, பலமா இருக்கட்டும்" என்றார். பத்து ஓட்டையும் அவர் கண்முன்னால்தான் விழுந்தன. புருவம்கூட அசையவில்லை.

ஒன்றரை தாண்டியதும் அஞ்சு இரண்டு கை நிறைய வளையலோடு வாசல் இறங்கினாள். இறங்கிய காலை மறுபடி உள்ளே வைக்கக்கூடாது. சம்பந்தி வீட்டார் எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். சம்பந்தி வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, நல்ல வண்டி என்று சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் மனுஷன் இரண்டு வருஷம் காத்திருந்தார். அதோடு விட்டிருக்கலாம். "ஒரு ஓட்டை இல்ல சம்பந்தி, பாத்துக்கிடுங்க" என்று குனிந்து, இரண்டு விரலால் பிளேட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

பிளேட் சம்பந்தியின் காலடியில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்துக் கொடுத்தார். பிறகு தன் விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, "வெளிச்செண்ணெய் ஆணோ?" என்று கேட்டார். தேங்காய் எண்ணெயா என்று கேட்கிறார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜிதின் மெஷினோடு முன்பக்கம் வந்தான். "மாமா, ரெண்டே ஓட்டை." இசக்கிதுரை பம்பருக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டார். வேறு டேப் வாங்கிவரலாம், கம்பியால் கட்டலாம், கோந்து வைக்கலாம் என்று என்னென்னவோ சொன்னார். பாக்கியலக்ஷ்மி நேரே வண்டியின் பக்கவாட்டுக்குப் போனார். பின்கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். அந்தக் கதவு திறக்காது என்பது எல்லாருக்கும் புரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தூறல் விழ ஆரம்பித்தது. வசந்தி சேலைத் தலைப்பை விரித்து அஞ்சுவின் தலைமேல் பிடித்தாள். சம்பந்தி கைபேசியை எடுத்து, ஒரு டாக்ஸியைக் கூப்பிடட்டுமா என்று மெதுவாக மருமகளிடம் கேட்டார்.

அஞ்சு வேண்டாம் என்று தலையசைத்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, எனக்கு நிக்க முடியல. நான் நம்ம வண்டியிலதான் வருவேன். போடச் சொல்லுங்க."

இசக்கிதுரை பம்பரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். இந்த வரிசையில்தான் பார்த்தார், அதை நான் மன்னிக்கவில்லை. பிறகு விரித்த கையை இறக்கி ஒதுங்கினார். "போடு" என்றார். முற்றத்துக்கு அப்பால் மீன் வளர்க்கும் கெட்டுத் தண்ணீரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, "மெதுவாடே" என்றார்.

மெஷின் இரண்டு தடவை உறுமியது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஜிதின் ஸ்க்ரூவை இறுக்கி, பிளேட்டைப் பிடித்து உலுக்கினான். வண்டிதான் குலுங்கியது. பாக்கியலக்ஷ்மி கதவைத் திறந்து மகளை உள்ளே ஏற்றி, தானும் முன்சீட்டில் ஏறி, பல மாதங்களுக்குப் பிறகு இரண்டு காலையும் கீழே ஊன்றி உட்கார்ந்தார். நாங்களும் ஏறிவிட்டோம். மழை வலுத்தது. டிரைவர் சீட் மட்டும் காலியாக இருந்தது. அஞ்சு முன்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

இசக்கிதுரை வண்டிக்கு முன்னால் நனைந்துகொண்டு குந்தியிருந்தார். டாஷ்போர்டிலிருந்து எடுத்துப்போன எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து, சுண்டுவிரலை நனைத்து, ஒரு ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு சொட்டு தொட்டு வைத்தார். பிறகு விரலை மறுபடி நனைத்து, அடுத்ததற்கும் வைத்தார்.